பெருமிதம் யாருக்கு, தம்பட்டம் யாருக்கு

டெல்லி அரசை ஒன்றிய அரசு என்பதா, மத்திய அரசு என்பதா என்று 2021இல் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. முதல் பக்கத்தில் இரண்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்தாலே பத்திரிகை யார் பக்கம் என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். சொல்லலாம்தான். ஆனால் எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. கட்சிக் கொடி கட்டிக்கொண்டு வருகிற காரைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லையே.

சில வருடங்கள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன் (எந்த நாளிதழ் என்பது இங்கே வேண்டாம்). தலைப்பில் ஒரு எழுத்து கூடினால்கூட அடுத்த வரிக்குப் போய்விடும், அதனால் எழுத்து எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒன்றிய, மத்திய இரண்டுக்குமே நாலு எழுத்துதான். இடம் போதவில்லை என்று யாரும் சாக்கு சொல்ல முடியாது. சட்டமன்றத்தில் பாஜகவின் நயினார் நாகேந்திரன் ஏன் ஒன்றிய அரசு என்கிறீர்கள் என்று கேட்டபோது, அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது, அதனால் அப்படித்தான் சொல்வோம் என்று ஸ்டாலின் பதில் சொன்னார். சரி. ஆனால் 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தில் (சட்டங்களில் வருகிற சொற்களுக்குப் பொருள் சொல்கிற சட்டம்) மத்திய அரசு என்பதற்கும் விளக்கம் இருக்கிறது, இன்றுவரை அந்தச் சட்டம் அமலில்தான் இருக்கிறது. அதைவிட, 1970 திருச்சி மாநாட்டில் கருணாநிதி கொடுத்த ஐந்து முழக்கங்களில் கடைசி முழக்கம் 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்பது. திமுக மேடைகளில் அரை நூற்றாண்டு ஒலித்த சொல் அது, அப்போது யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒன்றிய அரசு என்று சொல்லக் கூடாது என்று தடை கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போன பொதுநல வழக்கும் தள்ளுபடியானது. ஆக இரண்டு சொல்லும் சட்டப்படி சரி, இரண்டுமே இன்று கட்சி அடையாளம். படிக்கிறவருக்கு இது தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

தமிழகம் என்ற சொல்லுக்கு நேர்ந்தது கொஞ்சம் பாவம். 2023 ஜனவரியில் ஆளுநர் ரவி, தமிழ்நாடு என்பதைவிடத் தமிழகம்தான் பொருத்தம் என்று பேசினார், பொங்கல் அழைப்பிதழில் 'தமிழக ஆளுநர்' என்று அச்சாகி வந்தது, அவ்வளவுதான். சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாவிரதம் இருந்தே உயிரை விட்டு, 1967இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, 1969இல் கைக்கு வந்த பெயர் தமிழ்நாடு, அதில் கை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதுவரை நாளொன்றுக்கு இருபது தடவை எந்த உள்நோக்கமும் இல்லாமல் 'தமிழக அரசு' என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆகிவிட்டார்கள். அதற்கு ஒரு வருடம் கழித்து விஜய் கட்சி ஆரம்பித்தபோது தமிழக வெற்றிக் கழகம் என்று பெயர் வைத்தார், அதற்கு அந்த அளவு கூச்சல் எழவில்லை. ஊர் அதற்குள் சமாதானமாகிவிட்டது போல.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது தலைப்பின் கடைசிச் சொல்.

தமிழ்த் தலைப்புகளில் பெரும்பாலும் வினைமுற்று கிடையாது. யாரோ ஒருவர் எதையோ சொன்னார் என்பதை 'பெருமிதம்', 'ஆவேசம்', 'காட்டம்', 'புலம்பல்', 'பாய்ச்சல்', 'திட்டவட்டம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவோம். உலகத்தில் வேறு எந்த மொழிப் பத்திரிகையிலும் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு தீர்ப்பு எழுத முடியுமா என்பது சந்தேகம். நமக்கு வேண்டியவர் தன் ஆட்சியின் சாதனையைச் சொன்னால் பெருமிதம், வேண்டாதவர் அதே மாதிரி சொன்னால் தம்பட்டம். வேண்டியவர் மத்தியில் இருக்கிறவர்களைத் திட்டினால் சாடல், வேண்டாதவர் திட்டினால் வசைபாடல். தோற்றுப்போன கூட்டணித் தலைவர் காரணம் சொன்னால் ஒரு பக்கம் விளக்கம், இன்னொரு பக்கம் புலம்பல். கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனால் ஒருவர் 'பதிலளிக்க மறுப்பு', மற்றவர் 'ஓட்டம்'. 'எச்சரிக்கை' என்று போட்டால் அவரிடம் ஏதோ பலம் இருக்கிறது என்று அர்த்தம், 'மிரட்டல்' என்று போட்டால் அவர் ரவுடி, 'சவடால்' என்று போட்டால் அவர் கையில் ஒன்றுமே இல்லை. மூன்றுக்கும் அடியில் இருக்கிற பேச்சு ஒன்றேதான், மேற்கோளைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள்.

இதைச் சட்டப்படி யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. தகவல் பிழை இல்லை, அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதவில்லை. பிரஸ் கவுன்சிலுக்குப் போய் 'நான் பெருமிதப்பட்டேன், இவர்கள் தம்பட்டம் என்று போட்டுவிட்டார்கள்' என்று மனு கொடுக்க முடியுமா?

முதலாளி போன் பண்ணிச் சொல்லித்தான் இப்படி எழுதுகிறார்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடுகிற இடத்தில், அப்படியெல்லாம் நடந்து நான் பார்த்ததில்லை, தேவையும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு தலைவருக்குப் 'பேச்சு' என்று போட்டுக் கொடுப்பான், மூத்தவர் அதை அடித்துவிட்டு 'பெருமிதம்' என்று எழுதுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். இன்னொரு தலைவருக்கு அவன் 'பெருமிதம்' போட்டால் அதை அடித்துவிட்டுப் 'பேச்சு' ஆக்குவார். கொஞ்ச நாளில் பையனுக்குப் பிடிபட்டுவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு வெளியூர்ப் பதிப்பு அச்சுக்குப் போகிற அவசரத்தில் யாரும் கொள்கை பேசிக்கொண்டிருப்பதில்லை, கை தானாக எழுதும். அதனால்தான் எந்தப் பத்திரிகையாளரைக் கேட்டாலும் 'எங்களுக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை' என்று மனசாட்சியோடு சொல்வார். அவர் சொல்வது உண்மைதான்.

அடுத்தது, செய்தியில் யார் இருக்கிறார்கள், யார் காணாமல் போகிறார்கள் என்பது. 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆவது நாள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன மக்கள்மீது போலீஸ் சுட்டது, மறுநாளும் சுட்டது, மொத்தம் 13 பேர் செத்தார்கள். இதை 'போலீஸ் சுட்டு 13 பேர் சாவு' என்றும் எழுதலாம், 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்றும் எழுதலாம், 'தூத்துக்குடி கலவரத்தில் 13 பேர் பலி' என்றும் எழுதலாம். முதலாவதில் சுட்டவர் இருக்கிறார். இரண்டாவதில் துப்பாக்கி மட்டும் இருக்கிறது. மூன்றாவதில் துப்பாக்கியும் இல்லை, கலவரம்தான் கொன்றது, அப்படியானால் கலவரம் செய்தவர்தான் கொன்றார் என்று படிக்கிறவர் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுவார். ஊருக்குப் போய்விட்டு வந்த ரஜினிகாந்த் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று பேசியதும் அந்த மூன்றாவது வகைத் தலைப்புக்கு ஒரு ஆளும் கிடைத்துவிட்டார். துப்பாக்கிச் சூட்டை விசாரித்து 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை போலீஸ் அதிகாரிகள்மீதும் அப்போதைய ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. ஆனால் அதற்குள் நாலு வருடம் ஓடிவிட்டது. 'தூத்துக்குடி சம்பவம்' என்ற சொல் எல்லார் வாயிலும் உட்கார்ந்துவிட்டது. சம்பவம்! யாரும் செய்யாமல் தானாக நடந்தது மாதிரி.

இது அதிமுக காலத்துக் கதை, திமுக வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது நினைத்தால், சாராயத்தைப் பாருங்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பேப்பர் எல்லாம் கள்ளச்சாராயச் சாவு என்று எழுதின. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு ஒரு அறிக்கை விட்டார்: அவர்கள் குடித்தது கள்ளச்சாராயம் அல்ல, ஆலைகளில் பயன்படுத்துகிற மெத்தனால் என்ற விஷச்சாராயம். வேதியியலில் இது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல் மாறியதும் கேள்வியே மாறிப்போகிறது. கள்ளச்சாராயம் என்றால், யார் காய்ச்சினார்கள், எந்த ஸ்டேஷன் எல்லை, மாமூல் எவ்வளவு, மதுவிலக்குத் துறை அமைச்சர் யார் என்று கேள்வி போகும். விஷச்சாராயம் என்றால் விஷம் எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று போகும். முன்னதில் அரசாங்கம் உள்ளே இருக்கிறது, பின்னதில் அரசாங்கம் விசாரிக்கிற இடத்தில் இருக்கிறது. அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது எந்தச் சேனல் எந்தச் சொல்லைப் போடுகிறது என்று ரிமோட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். கட்சிவாரியாகப் பிரித்துவிடலாம் போல இருந்தது. அதிமுக ஆதரவுச் சேனலில் கள்ளச்சாராயம், ஆளுங்கட்சிப் பக்கம் விஷச்சாராயம், நடுநிலை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. செத்தவர்கள் எல்லாம் கூலிக்குப் போகிறவர்கள், காசு குறைவு என்று பாக்கெட் வாங்கிக் குடித்தவர்கள், அவர்களுக்கு அது வெறும் சாராயம்தான்.

2025 செப்டம்பர் 27 கரூரிலும் இதேதான். 41 பேர் நெரிசலில் செத்தார்கள். 'கரூரில் 41 பேர் பலி' என்பதற்கும் 'விஜய் கூட்டத்தில் 41 பேர் பலி' என்பதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இனி இலவசம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லில்தான் எல்லாக் கட்சியும் ஒரு தடவையாவது இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. 2006இல் திமுக வண்ணத் தொலைக்காட்சி கொடுப்பதாகச் சொன்னபோது அதை இலவசம் என்றுதான் கட்சியே சொன்னது, வெட்கப்படவில்லை. 2011இல் ஜெயலலிதா வந்தார், மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் முன்னால் 'விலையில்லா' என்று சேர்த்தார். அரசாணையிலேயே அப்படித்தான் வந்தது. அரசு விளம்பரத்திலும் செய்திக்குறிப்பிலும் விலையில்லா, அதே நாளில் எதிர்க்கட்சிப் பேப்பரில் இலவசம். உச்ச நீதிமன்றம்வரை இந்த டிவி, மிக்சி விவகாரம் போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது லஞ்சம் ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அப்புறம் 2021இல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் 'கட்டணமில்லா' பயணம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் ஆரம்பித்த மாதம் 1,000 ரூபாய்த் திட்டம், 1.06 கோடிப் பெண்களுக்கு, பெயர் 'மகளிர் உரிமைத் தொகை'. இலவசம், விலையில்லா, கட்டணமில்லா, உரிமை என்று படிப்படியாக மேலே ஏறியிருக்கிறோம். நடுவில் 2022இல் அமைச்சர் பொன்முடி பெண்கள் 'ஓசி'யில் போகிறார்கள் என்று பேசிவைத்து, கட்சி அத்தனை வருடம் பாடுபட்டு ஏற்றியதை ஒரே வார்த்தையில் தரைக்கு இறக்கினார்.

அதே 2022 ஜூலையில் பிரதமர் மோடி உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச்சாலையைத் திறந்துவைத்துப் பேசும்போது ரேவ்டி கலாச்சாரம் என்றார், அதாவது ஓட்டுக்காக மிட்டாய் வாரி இறைப்பது. இங்கே அது 'இலவசக் கலாச்சாரம்' ஆனது. அதன்பிறகு அவரது கட்சியே மாநிலத் தேர்தல்களில் பெண்களுக்கு மாதாமாதம் பணம் தருவதாக அறிவித்தது, அப்போது அது நலத்திட்டம்.

இவ்வளவும் தெரிந்த கதை. எனக்கு உறுத்துவது வேறு. 2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனிகளுக்கான வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதத்துக்குக் குறைத்தார். இதனால் வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. அன்றைக்கும் மறுநாளும் பேப்பரில் என்ன சொற்கள்? வரிச்சலுகை, ஊக்கம், அதிரடி அறிவிப்பு, பங்குச்சந்தை துள்ளல். திமுக ஆதரவுப் பத்திரிகை, பாஜக ஆதரவுப் பத்திரிகை, யாருக்கும் எதற்கும் ஆதரவில்லாத பத்திரிகை, எதிலும் அந்தச் செய்திக்கு 'இலவசம்' என்ற சொல் பக்கத்தில்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை. ரேஷன் அரிசி வாங்குகிறவர் பெறுவதற்கு ஒரு சொல், கம்பெனி பெறுவதற்கு இன்னொரு சொல். கட்சிச் சார்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே படாது, ஏனென்றால் இதில் எல்லாக் கட்சிப் பத்திரிகையும் ஒரே கட்சி.

பெயர்கள் விஷயம் சிரிப்பாக இருக்கும். எடப்பாடி பழனிசாமி ஒரே மனிதர்தான். எடப்பாடியார் என்றால் கட்சிக்காரர், இபிஎஸ் என்றால் சேனல், பழனிசாமி என்று மொட்டையாக வந்தால் அங்கே அவரைப் பிடிக்காது. சசிகலா 2017 பிப்ரவரியில் சில வாரங்களுக்குச் சின்னம்மாவாக இருந்தார், ஜெயா டிவியில் அதற்குப் பிறகும் சின்னம்மாதான். பன்னீர்செல்வம் ஜெயலலிதா சமாதியில் உட்கார்ந்து எழுந்து சசிகலாவுக்கு எதிராகத் 'தர்மயுத்தம்' என்று அறிவித்தபோது பல பத்திரிகைகள் அதை மேற்கோள்குறிகூட இல்லாமல் செய்தியின் சொல்லாகவே எடுத்துக்கொண்டன. அந்த ஆகஸ்டில் அவர் எடப்பாடியோடு சேர்ந்ததும்தான் மேற்கோள்குறி திரும்பி வந்தது. கூவத்தூர் ரிசார்ட்டில் இருந்த சசிகலா பக்கத்து எம்எல்ஏக்கள் ஒரு பக்கம் 'தங்கியிருந்தனர்', இன்னொரு பக்கம் 'அடைத்து வைக்கப்பட்டிருந்தனர்'. பிப்ரவரி 18 அன்று 122 பேர் வந்து எடப்பாடி அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள், அதன்பிறகு அவர்கள் தங்கினார்களா அடைபட்டார்களா என்று கேட்பாரில்லை. பிறகு ஜெயா டிவியும் நமது எம்.ஜி.ஆரும் சசிகலா குடும்பத்தோடு நின்றுவிட, ஆட்சியில் இருந்தவர்கள் 2018இல் நமது அம்மா, நியூஸ் ஜெ என்று புதிதாக ஆரம்பித்தார்கள். சொற்களை உற்பத்தி செய்ய இடம் இல்லாமல் இங்கே கட்சி நடத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொன்னால் வினோதமாக இருக்கும், ஆனால் முரசொலி, தீக்கதிர், விடுதலை, நமது அம்மா மாதிரி கட்சிப் பத்திரிகைகள்மீது எனக்குப் புகார் கிடையாது. கட்சி ஏடு என்று தெரிந்துதான் வாங்குகிறோம். தளபதி என்று எழுதினாலும் கொத்தடிமை என்று எழுதினாலும் அது கட்சியின் குரல். புகார் எல்லாம் 'உள்ளது உள்ளபடி' என்று விளம்பரம் செய்துவிட்டுக் கடைசிச் சொல்லில் வேலையைக் காட்டுகிறவர்கள்மீதுதான். இப்போது இணையதளங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன: 'நெட்டிசன்கள் கலாய்'. யார் அந்த நெட்டிசன்கள்? மூன்று பேர் போட்ட மூன்று பதிவு, அதில் இரண்டு பேருக்கு முகமே இல்லை. எழுதுகிறவருக்கு அந்தத் தலைவரைக் கலாய்க்க வேண்டும், தன் வாயால் செய்ய முடியாது, நெட்டிசன் வாயைக் கடன் வாங்கிக்கொள்கிறார். 'அரசியல் வட்டாரத்தில் பரபரப்பு' என்பதும் அப்படித்தான். அந்த வட்டாரம் பெரும்பாலும் அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான்.

இன்னும் டெஸ்க்கில் இருக்கிற ஒரு நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டான், 'எல்லாருக்கும் கூறினார், தெரிவித்தார் என்றே போட்டால் எவன்டா படிப்பான்? சாய்வே இல்லாத சொல் ஒன்று சொல்லு பார்ப்போம்.' உதாரணத்துக்கு அவனே ஒன்றை எடுத்துப் போட்டான். டெல்லியின் பள்ளி மேம்பாட்டுத் திட்டமான பிஎம் ஸ்ரீயில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதால் 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதி வரவில்லை. நிதி மறுப்பு என்றால் டெல்லிமேல் பழி, நிதி நிறுத்தம் என்றாலும் ஏறக்குறைய அதே, நிதி நிலுவை என்றால் ஏதோ பைல் தாமதம் மாதிரி, நிதியை இழந்தது தமிழ்நாடு என்றால் பழி சென்னைமேல். 'நீ என்ன போடுவாய்?'

'கையெழுத்திடாததால் தமிழ்நாட்டுக்கு ரூ.2,152 கோடி தரவில்லை' என்று போடுவேன் என்றேன். நீளம் என்றான். மூன்று பத்தி அகலத்தில் இரண்டு வரி வரும், படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கு என்றேன். படம் முதல்வர் படம், அதைச் சின்னதாக்க முடியாது என்றான்.